எட்டு மணி நேரப் பாடம்

ஒரு காலத்துல அமெரிக்காவில் வீட்டுக்கடன் ஏற்பாடு செஞ்சு கொடுக்கிறவங்களுக்குச் சில மாநிலங்களில் தனிநபர் உரிமமே தேவைப்படலை. 2008 ஜூலையில், லேமன் பிரதர்ஸ் விழறதுக்கு ஏழு வாரத்துக்குள்ள, சேஃப் சட்டம் வந்தது. உரிமத்துக்கு முன்னாடி 20 மணி நேரம் படிக்கணும். அப்புறம் வருஷா வருஷம் 8 மணி நேரம்: சட்டத்துக்கு 3, நெறிமுறைக்கு 2, வழக்கத்துக்கு மாறான கடன்களுக்கு 2, மீதி ஒண்ணு விருப்பப் பாடம்.

வழக்கத்துக்கு மாறானதுன்னா எது? 30 வருஷ நிலையான வட்டிக் கடன் தவிர எல்லாமே! முதல்ல கம்மியா இருந்து பிறகு எகிறின வட்டியால வீட்டை இழந்தவங்களோட கதை இந்த வரையறைக்குள்ள இருக்கு. போன வருஷம் படிச்ச அதே பாடத்தை இந்த வருஷக் கணக்கில் காட்டவும் முடியாது.

ஆனா வங்கி ஊழியர்களுக்குச் சட்டம் இந்த வகுப்பைக் கட்டாயமாக்கலை, பதிவு செஞ்சா போதும். எனக்கு உறுத்துற இடம் இது. நெருக்கடியில் வங்கிகளுக்குப் பங்கே இல்லையா என்ன?

படிக்காமலே படிச்சதா காட்டினாங்கங்கிற புகாரில், 2022-ல் 400-க்கும் மேற்பட்டவங்க மாநிலங்களோட சமரசத்துக்கு வந்தாங்க. மூணு மாசம் உரிமம் போச்சு, மாநிலத்துக்கு 1,000 டாலர் அபராதம். அதோட, கூடுதல் வகுப்பிலும் உட்கார வேண்டியதாச்சு.