மூன்று மாதம் என்று சொன்னார்கள்

1943-ல் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தாத்தாவை லாரியில் ஏற்றியபோது, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் சொன்னார்களாம். கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவை மடியில் கிடத்திக்கொண்டு, பாட்டி அன்றிரவு லயத்தில் ஜெபித்தார்: "மூணு மாசத்துல கொண்டாந்து சேர்த்துடும், ஆண்டவரே."

அவரைக் கொண்டுபோனது, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் போட்ட ரயில்பாதை வேலைக்கு. பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000-க்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசிக்கே வழியில்லாத காலம். 1943 மழையில் காலரா முகாம் முகாமாகப் பரவியது. அதே பாதையில் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகளோடு அவர்களுடைய படை மருத்துவர்களாவது இருந்தார்கள். நம்மவர்களின் முகாம்களில் அதுவும் அரிது. அக்டோபரில் பாதை முடிந்தது. தாத்தா வரவில்லை.

போர் ஓய்ந்தபின் திரும்பியவர்களிடம் பாட்டி ஒவ்வொருவராக விசாரித்தார். ஒருவர் மட்டும், காலராக் கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னார்.

பிறகு பாட்டி பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்தார். தமிழ் லுத்தரன்கள் 1924-ல் அங்கே கட்டிய சீயோன் ஆலயத்தில்தான் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தேன். ஜெபத்தில் தாத்தாவின் பெயரைச் சொல்வார், "உம்முடைய சித்தம்" என்பார், அதோடு நிறுத்திக்கொள்வார். மனம் விட்டுப்போய்விட்டது என்றே நான் நினைத்தேன். தாத்தா செத்ததும் ஆண்டவர் சித்தமா என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கொண்டுபோனது சப்பான்காரன்டா. அவன் பாவத்த ஆண்டவர் தலையில ஏத்தாத. உங்கப்பன வளர்க்க எனக்குத் தெம்பு குடுத்தாரே, அதத்தான் சித்தம்ங்கிறேன்."

நடந்ததற்கெல்லாம் தலையாட்டுவது அல்ல அந்த ஜெபம். கொடுமையைக் கொடுமை என்று சொல்லிவிட்டு, பதிலை மட்டும் கடவுளிடம் விட்டுவிடுவது. கெத்சமனே தோட்டத்தில் இயேசுவும் முதலில் பாத்திரம் நீங்கவேண்டும் என்றுதானே கேட்டார்? கேட்காமல் ஒப்புக்கொடுத்தவர் அல்லர் அவர். பாட்டியும் அப்படித்தான்.

அந்த ரயில்பாதை போன காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நான் நடந்து பார்த்தேன். அங்கே கிடப்பவர்கள் நேச நாட்டுப் போர்க்கைதிகள். தோட்டத்து ஆட்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆற்றங்கரைக்குப் போய், பாட்டி செய்ததுபோலத் தாத்தாவின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். அதற்குமேல் எதையும் கேட்கவில்லை.