பாட்டி வீட்டுக் கடிகாரமும் மெட்ராஸ் டைமும்

போன லீவுக்கு ஊருக்கு, அதாவது திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். பாட்டி வீட்டு அலமாரி மேல ஒரு பழைய கடிகாரம் இருக்கு. மரப்பெட்டி, உள்ளே பெண்டுலம், சாவி கொடுத்தா ஓடும், மணிக்கு மணி அடிக்கும். தாத்தா போனதுக்கு அப்புறம் யாரும் சாவி கொடுக்கல. அப்படியே நின்னுபோச்சு. நாமதான் இன்ஜினியரிங் படிச்சிருக்கோமேன்னு சரிபண்ண உட்கார்ந்துட்டேன்.

முதல்லயே ஒரு எச்சரிக்கை. வீடியோ பார்த்துட்டு உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துடாதீங்க. இந்த மாதிரி கடிகாரத்துல ரெண்டு ஸ்பிரிங் இருக்கும். ஒண்ணு முள்ளை ஓட்ட, இன்னொண்ணு மணி அடிக்க. சாவி கொடுத்த ஸ்பிரிங்கை முறைப்படி தளர்த்தாம மெஷினைப் பிரிச்சா, அது சீறிக்கிட்டு அவிழும், விரல் போயிடும். அதனால நான் பிரிக்கவே இல்ல. தூசி தட்டினேன், கடிகாரத்துக்குன்னே விக்கிற எண்ணெயை ஊசி முனையில தொட்டு அச்சுகள்ல வெச்சேன். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாள்ல பிசின் மாதிரி கெட்டியாயிடும்.

சாவி கொடுத்தேன். ஓடுச்சு, அஞ்சு நிமிஷத்துல நின்னுடுச்சு. காதை வெச்சுக் கேட்டா 'டிக்-டாக்' சமமா இல்ல, நொண்டுது. அலமாரியே ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு! கல்யாணப் பத்திரிகை ஒண்ணை மடிச்சு அடியில கொடுத்தேன். சத்தம் சமமாச்சு. அப்புறம் நிக்கவே இல்ல. பெண்டுலத்துக்குக் கீழே ஒரு சின்ன திருகு இருக்கும். குண்டை மேலே ஏத்தினா கடிகாரம் வேகமா ஓடும், இறக்கினா மெதுவாகும். அதைச் சரிபண்ண ரெண்டு நாள் ஆச்சு.

பாட்டி வந்து பார்த்துட்டு, "சரிப்பா, டைமைக் கரெக்டா வெச்சுடு"ன்னாங்க. போனை எடுத்தேன். அப்பதான் ஒரு கேள்வி வந்துச்சு. இது கொள்ளுத்தாத்தா வாங்கினதுன்னு வீட்டுல சொல்வாங்க. அவர் காலத்துல 'கரெக்ட் டைம்'னா எது?

சென்னை நுங்கம்பாக்கத்துல 1792-ல கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானியல் ஆய்வகம் கட்டுச்சு. அதோட கிரானைட் தூண் இன்னைக்கும் வானிலை மைய வளாகத்துல நிக்குது, தமிழ்க் கல்வெட்டோட. அங்கே இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல மெட்ராஸோட தீர்க்கரேகையைக் கணக்குப் போட்டார். அதுல இருந்து வந்ததுதான் மெட்ராஸ் டைம், கிரீன்விச்சைவிட சுமார் 5 மணி 21 நிமிஷம் முன்னாடி. ரயில் வந்தப்போ ஊருக்கு ஊர் வேற நேரம் வெச்சு வண்டி ஓட்ட முடியுமா? அதனால ரயில்வே இந்த நேரத்தை எடுத்துக்கிச்சு. தினமும் சாயங்காலம் 4 மணிக்கு ஆய்வகத்துல இருந்து தந்தியில சிக்னல் போகும், ஸ்டேஷன் கடிகாரங்களைச் சரிபார்த்துப்பாங்க. நம்ம சர்வர் எல்லாம் இன்னைக்கு என்டிபி-ல பண்றதும் இதேதான்.

ஆனா சூரியன் ரயில்வே சொல்றதைக் கேட்காதே! ஒரு டிகிரி மேற்கே போனா உச்சிவேளை 4 நிமிஷம் தள்ளிப்போகும். சராசரிக் கணக்குல மெட்ராஸைவிட திருவண்ணாமலைக்குக் கிட்டத்தட்ட 5 நிமிஷம், மதுரைக்கு எட்டரை நிமிஷம் லேட். 1896 ஆகஸ்ட் 29-ஆம் தேதி வெங்கடராமன்னு ஒரு 16 வயசுப் பையன் மதுரையில ஸ்டேஷனுக்குத் தாமதமா வந்தான். 12 மணி வண்டி. நல்லவேளை, வண்டியும் லேட். செப்டம்பர் 1-ஆம் தேதி நம்ம ஊர் வந்து சேர்ந்தான். பின்னாடி ரமண மகரிஷின்னு உலகத்துக்கே தெரிஞ்சவர். மதுரைச் சூரியனை மட்டும் நம்பிக் கிளம்பற ஆளுக்கு, அந்தக் காலத்துல வண்டி எட்டரை நிமிஷம் முன்னாடியே போயிடும்.

1906 ஜனவரி 1-ஆம் தேதி ஐந்தரை மணிக் கணக்குல இந்திய நேரம் வந்துச்சு. மெட்ராஸ் டைம் வெச்சிருந்தவங்க முள்ளை ஒரு 9 நிமிஷம் முன்னாடி நகர்த்தினா போதும். பம்பாய்க்கு 39 நிமிஷம். அவங்க எதிர்த்தாங்க, பம்பாய் டைம் 1955 வரைக்கும் ஓடுச்சு. கல்கத்தா டைம் 1948 வரைக்கும். கல்கத்தாக்காரங்க பாடுதான் கஷ்டம், 23 நிமிஷம் பின்னாடி வரணும். மணி அடிக்கிற பழைய கடிகாரத்துல முள்ளைப் பின்னாடி திருப்பக்கூடாது, மணிக்கணக்கு குழம்பிடும். பெண்டுலத்தை நிறுத்திட்டு 23 நிமிஷம் சும்மா உட்காரணும்!

இதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். கடிகாரத்தைச் சீரா ஓட வைக்க என்னால முடியும். ஆனா 'கரெக்ட் டைம்' அந்தப் பெட்டிக்குள்ள இல்ல. அது எப்பவுமே வெளியே யாரோ முடிவு பண்ணினது. அந்த முடிவுனால நமக்கு ரயில் கிடைச்சுது, போன் கிடைச்சுது. பதிலுக்கு ஒவ்வொரு ஊரும் தன்னோட உச்சிவேளையைக் கொடுத்துடுச்சு.

கடைசியில போன் நேரம்தான் வெச்சேன். கதவுக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டினேன்: 'நம்ம ஊர் உச்சிவேளை, சராசரியா 12:14'. பாட்டிகிட்ட இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையா கேட்டாங்க. "அதுக்குத்தான் சூரிய உதயத்துல இருந்து நாழிகை எண்ணினாங்க. 60 நாழிகை ஒரு நாள். எந்த ஊர்ல இருந்தா என்ன?"ன்னு சொல்லிட்டு, சாவியை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை தவறாம சாவி கொடுக்கிறது அவங்கதான்.