வசையைத் தடுக்க அஞ்சலைப் படிக்கலாமா? பிராடிஜி முதல் வாட்ஸ்அப் வரை

இணைய நிறுவனங்கள் தம் பயனர்களின் பேச்சைக் கண்காணித்து மட்டுறுத்தும் வழக்கம் முகநூலோடும் ட்விட்டரோடும் தொடங்கியதாகப் பலரும் கருதுகின்றனர். உண்மையில், உலகளாவிய வலை பொதுமக்களைச் சென்றடையும் முன்னரே அவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. இழிசொல்லைத் தடுத்தல், தனியுரிமையைக் காத்தல் என்னும் இரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதிய தொடக்கக் களங்களுள் ஒன்று அமெரிக்காவின் ‘பிராடிஜி’. இன்று இந்திய நீதிமன்றங்கள் எதிர்கொள்ளும் கேள்விகளின் முன்வடிவத்தை அதன் வரலாற்றில் காணலாம்.

1984-இல் சிபிஎஸ், ஐபிஎம், சியர்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் கூட்டு முயற்சியாகத் தொடங்கப்பட்டு, பின்னர் ஐபிஎம், சியர்ஸ் இரண்டின் கைக்கு வந்த சேவை அது. தொலைபேசி இணைப்பின் வழியே செய்தி, வணிகம், மின்னஞ்சல், பொது அறிவிப்புப் பலகைகள் ஆகியவற்றை அது வீடுகளுக்குக் கொண்டுசென்றது. குடும்பத்தினர் அனைவரும் கூச்சமின்றிப் பயன்படுத்தத்தக்க சேவை என்பதே அதன் விளம்பரம். அந்த நற்பெயரைக் காக்க, வசைச்சொற்களைத் தானே கண்டறிந்து தடுக்கும் மென்பொருளையும், பலகைகளை மேற்பார்வையிடும் பொறுப்பாளர்களையும் அது அமர்த்தியது. உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரு செய்தித்தாளுக்கு ஒப்பாகத் தன்னை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டது.

இந்தக் காவல் வசைச்சொல்லோடு நிற்கவில்லை. 1990-இல், மாதத்திற்கு 30 மின்னஞ்சல்களுக்கு மேல் அனுப்பினால் ஒவ்வொன்றிற்கும் 25 சென்ட் கட்டணம் என்று பிராடிஜி அறிவித்தது. பயனர்கள் சிலர் அச்சேவையின் மின்னஞ்சலையே கொண்டு எதிர்ப்பைத் திரட்டினர், விளம்பரதாரர்களுக்கும் எழுதினர். எதிர்ப்பை முன்னின்று நடத்தியோரின் கணக்குகளை நிறுவனம் நீக்கிவிட்டது. நாகரிகத்தைக் காப்பதற்கென்று பெற்ற அதிகாரம், நிறுவனத்தின் நலனைக் காக்கவும் பயன்படும் என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று.

அடுத்த ஆண்டு இரு திசைகளிலிருந்து நெருக்கடி வந்தது. பயனர்களின் கணினிகளில் பிராடிஜி உருவாக்கிய ‘ஸ்டேஜ்.டாட்’ என்னும் கோப்பினுள் அவர்களுடைய சொந்த ஆவணங்களின் துணுக்குகள் காணப்பட்டன. நிறுவனம் வீட்டுக் கணினியை உளவு பார்க்கிறது என்ற அச்சம் பரவியது. வட்டில் ஒரு கோப்பு அழிக்கப்பட்டாலும் அதன் தரவு உடனே மறைவதில்லை. அவ்விடத்தைப் புதிய கோப்பு எடுத்துக்கொள்ளும்போது பழைய எச்சம் அதனுள் தங்கிவிடுகிறது என்று நிறுவனம் விளக்கியது. தொழில்நுட்ப அளவில் விளக்கம் பொருத்தமானதே. எனினும், பலகையில் எழுதுவதைப் படிக்கும் நிறுவனம் வேறு எதையெல்லாம் படிக்கிறதோ என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. அதே ஆண்டு, பிராடிஜியில் யூத வெறுப்புச் செய்திகள் வருவதாக அவதூறு எதிர்ப்புக் கழகம் முறையிட்டது. ஒரு சாரார் ‘ஏன் படிக்கிறீர்கள்’ என்றனர். மற்றொரு சாரார் ‘ஏன் படித்துத் தடுக்கவில்லை’ என்றனர்.

இந்த முரண் 1995-இல் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. பிராடிஜியின் ‘மணி டாக்’ என்னும் நிதிப் பலகையில், ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்வதாக அடையாளம் தெரியாத ஒருவர் எழுதினார். அந்நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. நாளொன்றுக்கு 60,000 செய்திகள் வருவதால் அனைத்தையும் படித்துப் பார்க்க இயலாது என்றது பிராடிஜி. நியூயார்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வசைச்சொல் மென்பொருளும் நெறிமுறைகளும் பொறுப்பாளர்களும் இருப்பதாலேயே பிராடிஜி ஒரு பதிப்பாளர் என்றும், பதிப்பாளருக்குரிய பொறுப்பை அது ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இதற்கு மாறாக, எதையும் மேற்பார்வையிடாத ‘காம்பியூசெர்வ்’ வெறும் புத்தகக் கடைக்கு ஒப்பானது என்று 1991-இல் மற்றொரு நீதிமன்றம் விடுவித்திருந்தது. ஆக, துப்புரவு செய்ய முயன்றவர் பொறுப்பாளி. கண்ணை மூடிக்கொண்டவர் நிரபராதி. வழக்குத் தொடுத்த தரகு நிறுவனத்தின் தலைவர்கள் பின்னாளில் பங்கு மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர் என்பது வரலாற்றின் பின்குறிப்பு.

இந்த விபரீதத்தைக் களையவே 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு பிறந்தது. பிறர் எழுதியதற்கு நிறுவனம் பதிப்பாளர் ஆகாது. நல்லெண்ணத்துடன் இழிவானவற்றை நீக்குவதாலும் அது பொறுப்பாளி ஆகாது என்று அப்பிரிவு வகுத்தது. இன்றைய பெருநிறுவனங்களின் மட்டுறுத்தல் அமைப்புகள் அனைத்தும் இந்த அடித்தளத்தின் மீதே எழுந்தன. அது அளித்தது விருப்புரிமை. எதை நீக்கலாம் என்பதற்கான அளவுகோலை அது அளிக்கவில்லை. 1999-இல் பிராடிஜி தொடர்பான வேறொரு வழக்கில், மின்னஞ்சலைப் பொறுத்தவரை அந்நிறுவனம் தொலைபேசி நிறுவனத்தைப் போன்றதே என்று நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பொதுப் பலகைக்கும் தனி அஞ்சலுக்கும் இடையே நீதிமன்றம் கண்ட இவ்வேறுபாடு, பின்வந்த காலத்தில் மங்கிக்கொண்டே வந்தது.

அளவுகோல் இல்லாத இடத்தில் சொற்பட்டியல் அமர்ந்தது. 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் நகரத்தார் ஏஓஎல் சேவையில் தம் ஊர்ப்பெயரைக் கொண்டு பதிவுசெய்ய இயலாமற்போயிற்று. ஆங்கில வசைச்சொல் ஒன்றின் எழுத்துத் தொடர் அப்பெயருக்குள் அடங்கியிருந்ததே காரணம். இதை வெறும் நகைச்சுவையாகக் கடந்துவிட முடியாது. இழிவு என்பது சொல்லின் வடிவத்தில் உறைவது என்ற தவறான கொள்கையே அங்கு செயற்பட்டது. தமிழில் இதன் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். ‘வாடா’ என்பது நண்பர்களிடையே நெருக்கம். மேல்சாதியைச் சேர்ந்த சிறுவன் ஒடுக்கப்பட்ட சமூகத்து முதியவரை அவ்வாறு விளித்தால் அது சாதி ஆணவம். சொல் ஒன்றே, சொல்பவர், கேட்பவர், சூழல் ஆகியவையே பொருளைத் தீர்மானிக்கின்றன. ‘நாய்’ என்ற சொல்லுக்கும் இதே நிலைதான். ஆகவே, வசையை அறியச் சொல் போதாது. உரையாடல் முழுவதும் தேவை. உரையாடல் முழுவதையும் பெற வேண்டுமாயின், யார் யாரிடம் என்ன உறவில் பேசுகின்றனர் என்பதையும் அறிய வேண்டும். மட்டுறுத்தல் நுட்பமாக ஆக, தனியுரிமைக்கு அது விதிக்கும் விலையும் ஏறுகிறது.

2018-இல் மைக்ரோசாஃப்ட் தன் சேவை ஒப்பந்தத்தைத் திருத்தியபோது இச்சிக்கல் மீண்டும் தலைதூக்கியது. ஸ்கைப், அவுட்லுக், எக்ஸ்பாக்ஸ் முதலியவற்றுக்கு ஒருசேரப் பொருந்தும் அந்நெறிகள், இழிமொழியைத் தடைசெய்யப்பட்ட உள்ளடக்கங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டன. மீறல் குறித்த விசாரணையின்போது பயனரின் உள்ளடக்கத்தைப் பார்வையிடும் உரிமையையும் நிறுவனத்திற்கு அளித்தன. விளையாட்டரங்கின் கூச்சலுக்கும் தாயும் மகளும் பேசும் அழைப்புக்கும் ஒரே விதி. ஸ்கைப் அழைப்புகளைத் தான் ஒட்டுக்கேட்பதில்லை என்றும், புகார் வந்தால் மட்டுமே ஆராய்வதாகவும் நிறுவனம் விளக்கியது. மறு ஆண்டே, ஸ்கைப்பின் மொழிபெயர்ப்பு வசதியின் வழியே நடந்த உரையாடல்களின் துணுக்குகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுவந்தது ஊடகங்களில் வெளியானது. அதன் நோக்கம் மட்டுறுத்தல் அன்று. மொழிபெயர்ப்பின் தரத்தை உயர்த்துவது. ஆயினும், ஒரு நோக்கத்திற்காகத் திறந்த கதவு வேறு நோக்கங்களுக்கும் திறந்தே கிடக்கும் என்ற பயனரின் அச்சத்தை அது உறுதிப்படுத்தியது.

இந்தியாவில் இதே வரலாறு சட்டத்தின் வழியே நிகழ்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு நிறுவனங்களுக்கு நிபந்தனையுடன் கூடிய பாதுகாப்பை அளித்தது. 66ஏ பிரிவோ மனம் புண்படுத்தும் செய்தியைக் குற்றமாக்கியது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை நீக்கியது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ கிடைத்த பின்னரே உள்ளடக்கத்தை நீக்கும் கடமை எழும் என்றும் தெளிவுபடுத்தியது. எது இழிவு என்று தீர்மானிக்கும் நீதிபதியாக நிறுவனம் ஆகிவிடலாகாது என்பதே அதன் உட்கருத்து. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது.

ஆனால் அடுத்த கட்டம் தமிழ்நாட்டிலிருந்தே கிளர்ந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு, வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய இயலுமா என்ற விவாதமாக விரிந்தது. 2019-இல் அது உச்ச நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. 2021 பிப்ரவரி 25 அன்று வெளியான விதிகள், 50 லட்சத்திற்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட செய்திச் சேவைகள், குறிப்பிட்ட குற்றங்கள் தொடர்பான ஆணையின்பேரில் முதல் அனுப்புநரைக் கண்டறியத்தக்க நிலையில் இருக்க வேண்டும் என்றன. முனைக்கு முனை மறையாக்கத்தை இது குலைக்கும் என்று வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

இழிசொல்லால் உண்மையாகவே காயப்படுவோர் உளர். பெண்களும் தலித்துகளும் அன்றாடம் அதற்கு ஆளாகின்றனர். அதே மக்களுக்குத்தான் கண்காணிப்பற்ற உரையாடல் வெளியும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. பிராடிஜியின் பயனர்கள் எழுப்பிய இரு கேள்விகளும் முரண்பட்டவை போல் தோன்றினாலும் இரண்டும் நியாயமானவையே. பொதுப் பலகைக்கு ஒரு நெறி, தனி அஞ்சலுக்கு வேறு நெறி, புகார் அளித்தவர் தாமே முன்வைக்கும் உரையாடலை மட்டும் ஆராய்தல் என்ற மூன்று எல்லைகளையும் விதிமுறையிலேயே எழுதிவைக்காத வரை, காவலுக்கு அமர்த்தப்பட்டவர் அஞ்சலையும் படிப்பதைத் தடுக்க வழியில்லை.