பருவக்காற்றும் ஆண்டும்: மாநக்கவாரத்துக் காலச்சொற்கள்

முதலாம் இராசேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரம் எனக் குறிக்கும் நிக்கோபார்த் தீவுகளில் வழங்கும் நிக்கோபாரிய மொழிகள், ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்தவை. நடு நிக்கோபார் மொழிக்கு 1889இல் அகராதி வெளியிட்ட இ. எச். மான், 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கறிக்கையை எழுதிய ரிச்சர்ட் டெம்பிள் ஆகியோரின் குறிப்புகள் அம்மக்களின் காலக்கணிப்பை ஓரளவு அறியத் துணைபுரிகின்றன. அக்கணிப்பின் பேரலகு ஆண்டன்று, பருவக்காற்றே ஆகும். தென்மேற்குக் காற்று ஒன்று, வடகிழக்குக் காற்று ஒன்று என இரண்டும் கூடியதே நம் ஓராண்டு. நிலவின் நாட்களை, வாள் அலகு போலச் செதுக்கிய 'கென்ராட்டா' என்னும் மரப்பலகையில் வெட்டுகளாகப் பதித்தனர். இவ்வலகை 'ஆண்டு' எனப் பெயர்ப்பது பிழையாகும்; நாற்பது பருவக்காற்றுக் கண்டவருக்கு அகவை இருபதே. இச்செய்தி நடு நிக்கோபாருக்கு உரியது. பெரிய நிக்கோபாரின் உட்காட்டில் வாழும் சோம்பேன் மக்களுக்கும் இதனை ஏற்றியுரைத்தல் தகாது.

பெரிய நிக்கோபாரின் கிழக்குக் கரையிலுள்ள கேம்பல் பே பகுதியில் 1969 முதல் 1980 வரை முன்னாள் படைவீரர் குடும்பங்கள் 330 குடியமர்த்தப்பட்டன. பஞ்சாபியர் வைசாகியையும், மராத்தியர் குடிபாட்வாவையும், தமிழர் பொங்கலையும் உடன் கொணர்ந்தனர். வைசாகி கோதுமை அறுவடையை ஒட்டியது. இங்கோ தென்னையும் பாக்குமே பயிர். தமிழகத்தில் 'ஆடிப்பட்டம்' என்பது வரவிருக்கும் மழையை நோக்கிய விதைப்புக் காலம். இத்தீவிலோ மே முதல் டிசம்பர் வரை இரு பருவக்காற்றுகளும் மழை தருவதால், அச்சொல் சுட்டும் எதிர்பார்ப்புக்கே இடமில்லை. மாதப்பெயர் நிலைபெற, அதன் உழவுப்பொருள் நழுவுகிறது. பங்குனி வறட்சி மட்டும் இரு நிலத்துக்கும் பொருந்தும்.

பொழுதும் இவ்வாறே. சென்னையைக் காட்டிலும் ஏறத்தாழ 55 நிமிடம் முன்னதாக இங்கு ஞாயிறு உச்சியை அடைகிறது; கடிகாரமோ இரண்டிடத்தும் ஒன்றே. ஆதலின் தமிழகத்து நாட்காட்டித் தாளில் அச்சாகும் இராகு காலம் இத்தீவின் ஞாயிற்றோடு ஒத்துவராது. கதிரவன் எழுச்சியினின்று கணிக்கப்பட்ட பொழுது, வெறும் கடிகார எண்ணாகிவிடுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. அந்நாள் மார்கழிப் பௌர்ணமி. தீவின் தென்முனையாகிய இந்திராமுனை 4 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. கரையோரத் தென்னந்தோப்புகள் கடலுள் ஆழ்ந்தன. மேற்குக் கரை நிக்கோபாரியரில் எஞ்சியோர் கேம்பல் பே அருகே குடியமர்த்தப்பட்டனர். 'சுனாமிக்கு முன்', 'சுனாமிக்குப் பின்' என்னும் வழக்கில், சப்பானியச் சொல்லொன்று ஆண்டெண்ணின் இடத்தைப் பெறுகிறது. இவ்வழக்கை '2004க்கு முன்' எனப் பெயர்த்தால் காலம் சரியாகும். தோப்பும் கரையும் விடுபட்டுப்போகும்.