கூர்மூலையில் முடிவிலியாகும் தகைவு

இழுக்கப்படும் தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு 3 மடங்காகும் என்று 1898இல் ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் காட்டினார். 1913இல் இங்கிலிஸ் நீள்வட்டத் துளையை ஆராய்ந்தார். முனையின் ஆரம் சுழியை நெருங்கும்போது தகைவு முடிவிலியை நோக்கி ஏறுவதை அவரது சூத்திரம் உணர்த்தியது. கூர்மூலைகளிலும் இதே சிக்கல் உண்டென 1952இல் வில்லியம்ஸ் நிறுவினார். 1957இல் இர்வின், விரிசலுக்குத் தகைவுச் செறிவுக் காரணியை அளவுகோலாக்கினார்.

1960இல் கிளஃப் பெயர் சூட்டிய முடிவுறு உறுப்பு முறை, பொருளைச் சிறு உறுப்புகளின் வலையாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. வலையை நுணுக்க நுணுக்க, மற்ற இடங்களில் விடை ஒரு மதிப்பில் நிலைகொள்ளும். கூரான உள்மூலையிலோ ஏறிக்கொண்டே போகும். 1970களில், பக்கத்தின் நடுவிலுள்ள கணுவை (உறுப்புகளை இணைக்கும் புள்ளியை) முனையிலிருந்து கால் தொலைவுக்கு நகர்த்திய உறுப்புகள் விரிசல் முனைக்குத் தீர்வு தந்தன. மூலைக்கு அதன் உண்மையான வளைவைக் கொடுத்துக் கணக்கிடுவதே இன்றும் நம்பகமான வழி.