கல்லும் காலமும் – 17: கட்டாமல் விட்ட குவிமாடம்

ரோம் நகரில் பாந்தியன் கோயிலிலிருந்து கிழக்கே சில நிமிடம் நடந்தால் நாடக மேடை போன்ற ஒரு சின்னச் சதுக்கம் வரும். அதன் ஒரு பக்கத்தை முழுவதும் அடைத்துக்கொண்டு நிற்பது புனித இஞ்ஞாசியார் ஆலயம். உள்ளே போய், பீடத்தை நோக்கி நடுக்கூடத்தில் மெதுவாக நடங்கள். தரையில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கும். சற்றுத் தள்ளி இன்னொன்று. அந்த இரண்டாவது கல்லில் நின்று அண்ணாந்தால், பீடத்துக்கு முன்னே உயர்ந்த குவிமாடம் தெரியும். சுற்றிலும் தூண்கள், உள்வளைவில் நிழல், உச்சியில் வெளிச்சம் இறங்கும் கூண்டு.

இப்போது முன்னே நடங்கள். மாடம் மெல்லச் சாயும். தூண்கள் கோணிக்கொள்ளும். நேர் கீழே போய் நின்றால் அங்கே மாடமே இல்லை. கூரையின் வட்டத் திறப்பை மூடி விரித்த ஓவியத் துணி ஒன்றுதான் இருக்கிறது. குறுக்களவு ஏறத்தாழ 17 மீட்டர். 1685-ல் அதைத் தீட்டியவர் அந்திரேயா போட்ஸோ என்ற இயேசு சபைச் சகோதரர்.

உண்மையான மாடம் எங்கே போனது? 1622 மார்ச் 12 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாருக்கும் அவர் தோழர் சவேரியாருக்கும் ஒரே நாளில் புனிதர் பட்டம் அளித்தார். கிரகோரியின் தம்பி மகன் கர்தினால் லுதோவிகோ லுதோவிசி, புதிய புனிதரின் பெயரில் பெரிய ஆலயம் எழுப்பப் பணம் தர முன்வந்தார். சபையின் ரோமன் கல்லூரிக்குப் பக்கத்திலேயே 1626-ல் அடிக்கல் விழுந்தது. 1632-ல் லுதோவிசி இறந்தார். பணவரத்து சுருங்கியது. 1650-ல் வழிபாட்டுக்குத் திறந்தபோதும் மாடத்தைத் தாங்க வேண்டிய பெருந்தூண்கள் தலையில் சுமையில்லாமல் நின்றன. மாடம் எழுந்தால் தங்கள் கட்டடத்துக்கு வெளிச்சம் வராது என்று அக்கம்பக்கத்தார் தடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. பணமுடையே காரணம் என்பது என் கணிப்பு.

ஆலயத்தை வரைந்த ஒராட்சியோ கிராஸி அதே கல்லூரியின் கணிதப் பேராசிரியர். 1618-ல் வானில் தோன்றிய வால்நட்சத்திரங்களைப் பற்றிக் கலிலியோவோடு மோதியவர். அந்தச் சண்டையில் 1623-ல் கலிலியோ எழுதிய நூல் அறிவியல் வரலாற்றில் அழியாப் புகழ் பெற்றது. கிராஸியின் பெயரோ தோற்றவரின் பெயராக நின்றுவிட்டது. ஆனால், வால்நட்சத்திரம் நிலவுக்கும் அப்பால் இருக்கிறது என்று அவர் சொன்னதுதான் சரி. அந்த நியாயத்தை அவருக்குச் செய்தே ஆக வேண்டும்.

மாடத் துணி வெற்றி பெற்றதும், நடுக்கூடத்தின் வளைகூரை முழுவதும் போட்ஸோவின் கைக்கு வந்தது. 1694-ல் வேலை முடிந்தது. முதல் வட்டக் கல் இந்த ஓவியத்துக்கு உரியது. அதில் நின்று பார்த்தால் ஆலயச் சுவர் முடியும் இடமே தெரியாது. கல் தூணின் மேல் வண்ணத் தூண் ஏறி நிற்கும். அதற்கும் மேலே கூரை திறந்து வானம். மேகங்களுக்கு நடுவே கிறிஸ்து. அவரிடமிருந்து புறப்படும் ஒளிக்கதிர் இஞ்ஞாசியாரின் நெஞ்சில் பட்டு, நான்காகப் பிரிந்து ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என நான்கு திசைக்கும் பாய்கிறது. ஆசியா ஒட்டகத்தோடு இருக்கும் பெண், ஆப்பிரிக்காவுக்கு முதலை.

வளைந்த கூரையில் நேர்க்கோட்டை எப்படி வரைவது? கூரை வளையத் தொடங்கும் உயரத்தில் கூடத்தின் குறுக்கே கயிறுகளைக் கட்டிச் சதுரச் சதுரமாக வலை போலாக்குவது முதல் வேலை. பார்ப்பவரின் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரவில் விளக்கை வைத்தால் வலையின் நிழல் வளைவில் விழும். நிழல் எட்டாத தூரத்துக்கு, அந்தக் கண்ணிடத்திலிருந்து கயிறை இழுத்துப் பிடித்துப் புள்ளி வைக்கலாம். தாளில் சதுரத்துக்குள் வரைந்தது, கூரையில் கோணிய கட்டத்துக்குள் மாறும். பிறகு ஈரச் சுண்ணப் பூச்சில், அது காய்வதற்குள் வண்ணம் தீட்ட வேண்டும். போட்ஸோ இந்த வித்தையைப் பொத்திவைக்கவில்லை. 1693-ல் வெளியான தம் நூலில் படம் போட்டு விளக்கினார். 1729-ல் சீனாவில் நியான் ஷியாவ் வெளியிட்ட நூலுக்கு அதுவே அடிப்படை.

வண்ண மாடத்தின் தூண்கள் சுவரிலிருந்து நீளும் தாங்குகற்களின் மேல் நிற்பதாக வரைந்திருந்தார். மெய்யான கட்டடத்தில் இப்படி யாரும் செய்வதில்லையே என்று கட்டடக் கலைஞர்கள் சிலர் குறை சொன்னார்கள். பாரம் தாங்காமல் கல் சரிந்தால் பழுதுபார்க்கும் செலவு என்னுடையது என்று ஓர் ஓவிய நண்பர் அவர்கள் வாயை அடைத்தாராம். இதை எழுதிவைத்தவரும் போட்ஸோதான்.

தமிழர் இந்த ஆலயத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு: பியேர் லெ குரோ செதுக்கிய கிரகோரியின் கல்லறை. லுதோவிசிக்கும் அதுவே நினைவிடம். மதுரையில் காவியும் பூணூலும் குடுமியுமாக வாழ்ந்து, தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலியின் வழக்கு ரோமில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கிறிஸ்தவரான பிராமணர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்தவர் இந்தக் கிரகோரி. நோபிலியின் போக்கைக் கேள்விப்பட்டு முதலில் கடிந்து கடிதம் எழுதிய அவர் உறவினர், கர்தினால் பெல்லார்மினின் உடலும் இதே ஆலயத்தில்தான் இருக்கிறது. மதுரையின் ஒரு பெருஞ்சர்ச்சையைத் தொட்ட இருவர் ஒரே கூரைக்குக் கீழே துயில்கிறார்கள். இதை அறிந்து அங்கே நின்றால் கூரை ஓவியத்தின் ஆசியா வேறு மாதிரி தெரியும்.

கட்டப்படாத மாடத்தின் கதை போட்ஸோவோடு முடியவில்லை. சுமையின்றி நின்ற பெருந்தூண்கள் இருநூறு ஆண்டுக்குப் பிறகு வேறொரு வேலைக்கு வந்தன. தொலைநோக்கி அசையாமல் நிற்க உறுதியான அடித்தளம் வேண்டும். கல்லூரியின் வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1850களின் தொடக்கத்தில் அந்தத் தூண்களின் பலத்தை நம்பி, ஆலயத்தின் கூரை மேலேயே புதிய வானாய்வகம் அமைத்தார். கீழே போட்ஸோ தீட்டிய வானம். மேலே செக்கியின் தொலைநோக்கி பார்த்த வானம். 1878-ல் இறப்பதற்குள் சுமார் 4,000 நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அவற்றை வகைப்படுத்தினார் செக்கி.

(தொடரும்)