கூரையில் கட்டிய பலூன்கள்

1969ஆம் ஆண்டு மே 5. லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் ஃபோரம் என்னும் அரங்கின் கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்கள் வலைக்குள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் அன்று. ஆறு ஆட்டங்களில் லேக்கர்ஸுக்கு மூன்று, பாஸ்டன் செல்டிக்ஸுக்கு மூன்று. லேக்கர்ஸ் உரிமையாளர் ஜாக் கென்ட் குக், வெற்றிக்குப் பின் நடக்க வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக அச்சிட்டுவிட்டார்: லேக்கர்ஸ் வென்றதும் பலூன்கள் இறங்கும், பல்கலைக்கழக வாத்தியக் குழு களிப்பாட்டு வாசிக்கும். அந்தத் தாளில் ஒன்று பாஸ்டன் அணியின் தலைவர் பில் ரஸ்ஸலின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குமேல் அவர் தம் அணிக்கு உரை நிகழ்த்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

குக்கை மூடர் என்று சொல்வது எளிது, நாம் சொல்லமாட்டோம். கையில் இருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அவருடைய கணிப்பு பிழையற்றது. அந்தப் பருவத்தில் லேக்கர்ஸ் 55 ஆட்டங்களில் வென்று மேற்குப் பிரிவில் முதலிடம். பாஸ்டன் 48 வென்று கிழக்கில் நான்காமிடம். ரஸ்ஸலுக்கு வயது 35. ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. எதிரே வில்ட் சேம்பர்லின், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் மூவரும் ஒரே அணியில். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தொடரின் ஆறு ஆட்டங்களிலும் சொந்த மண்ணில் ஆடிய அணியே வென்றிருந்தது. ஏழாவது லேக்கர்ஸின் மண்ணில். கணக்கு தெரிந்த எவரும் குக்கின் பக்கமே பணம் கட்டியிருப்பார்கள். ஆயினும் ஒன்று உண்டு: 1959 முதல் ஆறு முறை லேக்கர்ஸ் இறுதித் தொடரில் இதே பாஸ்டனிடம் தோற்றிருந்தது.

ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் பாஸ்டன் 17 புள்ளிகள் முன்னே சென்றது. லேக்கர்ஸ் துரத்திக்கொண்டே வந்தது. முழங்காலில் அடிபட்டு வெளியேறிய சேம்பர்லின் திரும்ப வரக் கேட்டார். பயிற்சியாளர் வான் பிரெடா கோல்ஃப் மறுத்துவிட்டார். (இன்றுவரை தீராத வழக்கு அது.) தொடைத் தசை காயத்தோடு ஆடிய வெஸ்ட் 42 புள்ளிகள் எடுத்தார். வித்தியாசம் ஒரே புள்ளியாகக் குறைந்த வேளையில், கைநழுவி வந்த பந்தை பாஸ்டனின் டான் நெல்சன் எடுத்து எறிந்தார். பந்து வளையத்தின் பின்விளிம்பில் மோதி, செங்குத்தாக மேலே எழும்பி, நேரே கூடைக்குள் விழுந்தது. முடிவு 108-106. பலூன்கள் இறங்கவில்லை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது தோற்ற அணியின் வெஸ்டுக்குக் கிடைத்தது; அதற்குப் பின் தோற்றவர் எவருக்கும் அது கிடைத்ததில்லை. குக் கட்டிய பலூன்களை வெஸ்ட் மறக்கவே இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். ஏழு ஆட்டத் தொடர் என்பதே வலியவனுக்குச் சாதகமான ஏற்பாடு. ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 60 உள்ள அணிக்கு, தொடரை வெல்லும் வாய்ப்பு 71 ஆகிறது; 70 உள்ள அணிக்கு 87. ஒரு நாள் தற்செயலாக அமையும்; ஏழு நாள் அமைவது அரிது. ஆகவே கூடைப்பந்தில் 'யார் வெல்வார்' என்று சொல்வது அவ்வளவு கடினமன்று. 'எப்படி வெல்வார்' என்று சொல்லப் புகுந்தால்தான் கால் வழுக்குகிறது.

1983இல் ஃபிலடெல்ஃபியா அணியின் மோசஸ் மலோன் அப்படித்தான் புகுந்தார். அவ்வணி 1977, 1980, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதித் தொடரில் தோற்றிருந்தது. அதன்பின் ஹூஸ்டனிலிருந்து மலோன் வந்து சேர, 1983இல் 65 ஆட்டங்களில் வென்றது. கோப்பைக்கு இன்னும் மூன்று தொடர்கள். எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். அதிகம் பேசாத மனிதர் அவர். 'நாலு, நாலு, நாலு' என்றார். மூன்று தொடர்களிலும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பன்னிரண்டையும் வெல்வோம் என்பது பொருள்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 80 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்று தொடர்களையும் வென்று கோப்பை எடுக்கும் வாய்ப்பு 90. பன்னிரண்டையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்போ வெறும் 7! எண்ணாக எடுத்துக்கொண்டால் மலோன் சொன்னது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் அது எண்ணன்று. புறத்திணை வாசித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்: நிமித்தம் வேறு, வஞ்சினம் வேறு. நிமித்தம் பார்ப்பவர் வெளியே நின்று சொல்கிறார். வஞ்சினம் கூறுபவன் தானே களத்தில் இறங்கியாக வேண்டும். குக்கின் பலூன்கள் இரண்டிலும் சேரா. அவர் ஆடப் போகிறவரும் அல்லர், நிமித்தம் சொல்லிவிட்டு ஒதுங்கியவரும் அல்லர். பிறர் இனிமேல் வெல்ல வேண்டிய வெற்றியை இருக்கையில் அமர்ந்தபடி கொண்டாடத் தொடங்கியவர்.

நியூயார்க்கை ஃபிலடெல்ஃபியா நான்குக்கு நான்கும் வென்றது. மில்வாக்கியிடம் ஓர் ஆட்டத்தை இழந்தது. லேக்கர்ஸை மறுபடி நான்குக்கு நான்கு. வென்றவர்களின் மோதிரங்களில் 'நாலு, அஞ்சு, நாலு' என்று பொறித்துக்கொண்டார்கள். வஞ்சினம் ஓர் ஆட்டத்தால் பொய்த்ததை அழிக்க முடியாத பொன்னில் எழுதிக்கொண்ட அந்த நகைச்சுவை நமக்கு மிகவும் பிடித்தமானது. பிறகு 2001இல் லேக்கர்ஸும் 2017இல் கோல்டன் ஸ்டேட்டும் அந்த முழுமைக்கு மிக நெருங்கி வந்து, ஒவ்வோர் ஆட்டத்தைத் தோற்றன.

வளையத்தில் பந்தை எழும்பவிட்ட டான் நெல்சனை மறுபடி சந்திப்பது 2007இல். அவ்வாண்டு டல்லாஸ் 67 ஆட்டங்களில் வென்று முதல் வரிசையில் நின்றது. எட்டாம் வரிசையில் 42 வெற்றிகளோடு வந்த கோல்டன் ஸ்டேட்டின் பயிற்சியாளர் நெல்சன். கணிப்பவர்கள் இந்தத் தொடருக்கு அதிக நேரம் செலவிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த டல்லாஸ் அணியை முன்பு எட்டாண்டு வளர்த்தவரே நெல்சன்தான். ஜெர்மனியிலிருந்து டர்க் நோவிட்ஸ்கி என்னும் இளைஞரை 1998இல் அங்கே கொண்டுவந்ததில் முதன்மைப் பங்கும் அவருடையது. அவர் எங்கே நின்றால் சுகமாக எறிவார், எங்கே திணறுவார் என்பது நெல்சனுக்குத் தெரியும். பருவத்தில் மூன்று முறை மோதி, மூன்றிலும் கோல்டன் ஸ்டேட்டே வென்றிருந்தது. 67க்கும் 42க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று கண்ணில் படவில்லை.

தொடர் 4-2 என முடிந்தது. கடைசி ஆட்டத்தில் நோவிட்ஸ்கி 13 முறை எறிந்து இரண்டு முறையே கூடையில் போட்டார். ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான வாக்குகள் அத்தொடருக்கு முன்பே அளிக்கப்பட்டவை. முடிவு அறிவிக்கப்பட்டது மே மாத நடுவில். மற்ற அணிகள் ஆடிக்கொண்டிருக்க, ஆட்டமில்லாத நோவிட்ஸ்கி அந்த விருதை வாங்கிக்கொண்டார்.